அழிச்சுடுங்க அக்கா

அந்தத் தெருவில் எல்லாரும் அவளை இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். தெரு முனையில் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழே ஒற்றை ஷட்டர் கடை. உள்ளே ஒரு நீள மேஜை, அதன்மேல் மடித்துப் போட்ட கம்பளி, சுவரோரம் வீட்டு எண் எழுதிச் செருகிய துணி மூட்டைகள். காலையில் ஷட்டரைத் தூக்கினால் பொழுது சாயும்வரை நின்றுகொண்டே இருப்பாள். உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது என்பாள். நின்றால் கால் வலிப்பதை யாரிடமும் சொன்னதில்லை.

கணவர் பேருந்து ஓட்டுகிறார். பிள்ளைகள் இல்லை. பிறந்த வீட்டுப் பக்கம் என்று மிச்சமிருப்பது ஒரே ஒரு தம்பி. அந்தத் தம்பியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தெருவும் அப்படித்தான் சொல்லும். வேலை வெட்டி இல்லாமல் திரிந்த வயதில் கூட்டாளிகளோடு ஒரு கிடங்கில் செம்புக் கம்பி திருடப் போய் மாட்டிக்கொண்டான். சிறைக்குப் போய் வந்தான். வந்தபின் ஊரின் மறுகோடியில் ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்ந்தான். இப்போது அவனுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. இத்தனை காலத்தில் அவன்மேல் ஒரு புகார் கிடையாது. ஆனாலும் லீவு நாளில் அவன் அக்கா கடைக்கு வந்து துணி மடித்துக் கொடுத்துவிட்டுப் போனால், அன்று மாலை துணி வாங்க வருகிறவர்கள் மூட்டையை அங்கேயே பிரித்து எண்ணுவார்கள். எண்ணி முடித்துவிட்டு, "சும்மாதான் அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்பார்கள். அவள் தப்பாக நினைக்கவில்லை. எப்படி நினைப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அந்தத் தெருவில் அடுத்தடுத்து இரண்டு சைக்கிள்கள் காணாமல் போயின. கொடியில் காயப்போட்ட புதுப் போர்வை ஒன்றும் போனது. தெருச் சங்கத்தின் தலைவர், நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், கேமரா வைத்தே தீருவது என்று பணம் திரட்ட வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒருநாள் காலை கையில் ஓர் அட்டைப்பெட்டியோடு கடைக்குள் வந்து, ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"அக்கா, இது நமக்குள்ள இருக்கட்டும். யாரும் கையைத் திறக்கல. இது வெறுங்கூடு. உள்ள ஒண்ணும் கிடையாது. சிவப்பு லைட் மட்டும் பேட்டரியில எரியும்."

"அப்புறம் எப்படிங்க திருடனைப் பிடிக்கிறது?"

"பிடிக்கவே வேண்டாம்மா. பயந்தா போதும்."

கூட்டைக் கடையின் முகப்பில் மாட்டினார். அதிலிருந்து ஒரு வயர் சுவரைத் துளைத்து உள்ளே வந்து மேஜைக்குக் கீழே சுருண்டு கிடந்தது. எதோடும் சேரவில்லை.

"படமெல்லாம் எங்கன்னு கேட்டா உங்க கடையிலன்னு சொல்லுவேன். நீங்க தலையாட்டினா போதும். வாயைத் திறந்து பொய் சொல்லச் சொல்லல."

தலையை ஆட்டுவது பொய்யில் சேருமா என்று அவள் அன்று முழுக்க யோசித்தாள். கணவரிடம் கேட்கலாம் என்றால், இது நமக்குள்ள இருக்கட்டும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். அந்த 'நமக்குள்ள' என்பதில் கணவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா? கடைசியில் சொல்லிவிட்டாள். அவர் சிரித்தார். "எனக்கு பஸ்ஸுல முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. ரெண்டும் நிஜம். மூக்கைச் சொறிஞ்சே ரொம்ப நாளாச்சு. நீ கொடுத்து வெச்சவ" என்றார்.

கூடு வேலை செய்தது. அதுதான் ஆச்சரியம். முனையில் குப்பையை வீசிவிட்டுப் போகிறவர்கள் தொட்டிவரை நடந்தார்கள். மோட்டார் சைக்கிளை உறும விட்டுக்கொண்டு வரும் கல்லூரிப் பையன்கள் கடைக்கு முன்னால் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற மாதிரி மெதுவாகப் போனார்கள். திருட்டு நின்றது. தலைவர்கூட அந்த இடத்தில் நிமிர்ந்து நடந்தார். அவருக்கு எதற்கு அந்த நிமிர்வு என்று அவளுக்குப் புரியவில்லை. பிறகு ஒருநாள், ஷட்டரைத் தூக்கும்போது கலைந்த முடியைத் தான் சரிசெய்துகொள்வதையும், கரி பிடித்த இஸ்திரிப் பெட்டியைத் திட்டுவதற்குமுன் ஒரு கணம் மேலே பார்த்துக் குரலைத் தணிப்பதையும் அவளே கவனித்தாள். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்த மூன்று பேரில் ஒருத்தி அவள். அவளுக்கே இந்த கதி.

முதலில் வந்தது கோடி வீட்டு அம்மா. துணி கொடுத்த பிறகும் போகாமல் நின்றார்.

"அக்கா, போன வாரம் காலையில... எதிர் வீட்டுக்காரர் கார் நம்ம கேட்டை மறிச்சு நின்னுச்சா, அதான்... காத்தைக் கொஞ்சம் இறக்கி விட்டேன். அது விழுந்திருக்குமா?"

"எது விழுந்திருக்கும்?"

"படத்துல."

விழுந்திருக்காது என்றால் ஏன் என்று கேட்பார். விழுந்தது என்றால் பொய். "பார்த்துக்கறேன்மா" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே தெரியாது. கோடி வீட்டு அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு, "அழிச்சுடுங்க அக்கா. நீங்க நல்லா இருப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மூட்டையைச் சாக்காக வைத்துக்கொண்டு, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து. மாமியாருக்குத் தெரியாமல் தங்கையைத் தெரு முனைக்கு வரச்சொல்லிப் பேசிய மருமகள். சங்கத்தின் செடித் தொட்டியை உதைத்து உடைத்துவிட்டு, மாடு உடைத்தது என்று சொன்னவர். எல்லாருக்கும் அவள் பதில் ஒன்றுதான். பார்த்துக்கறேன். மறுநாள் வந்து, "ஆச்சா?" என்று கேட்டால், தலையாட்டினாள்.

ஒரு நாள் மூன்றாம் மாடிக் கணக்காளர் வந்தார். எப்போதும் கஞ்சி போட்ட மாதிரி விறைப்பாக இருக்கிற மனிதர். வாசலில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"காலையில நான் காரை எடுத்துட்டுக் கிளம்பறேன் இல்லையா. தெருவைத் தாண்டி அந்த மரத்துக்குக் கீழ நிறுத்திடறேன். அங்கேயேதான் உட்கார்ந்திருக்கேன். சாயங்காலம்தான் வீட்டுக்கு வரேன். உங்க கேமராவுக்கு அந்த மரம் தெரியும்னு சொன்னாங்க."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"வேலை போயிடுச்சு. வீட்டுல சொல்லல. சில நாள் அழுதுடறேன். அதை யாராவது பார்க்கிறதுன்னா..."

"யாரும் பார்க்கல சார்."

"நீங்க பார்த்திருப்பீங்களே."

அந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தாள். இதில் ஒன்றுமே இல்லை சார், நீங்களாகச் சொல்லித்தான் எனக்கே தெரிகிறது என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சொல்லியிருந்தால் அவர் இன்னும் கூசிப் போயிருப்பார். யாரும் பறிக்காததைத் தானே கொண்டுவந்து கொட்டிவிட்டோமே என்று ஆகியிருக்கும். "அழிச்சுட்டேன் சார்" என்றாள். வாயைத் திறந்து சொன்ன முதல் பொய் அதுதான். அவர் எழுந்து, பொத்தானைச் சரிசெய்துகொண்டு, மரத்தடிக்குப் போனார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பால்காரரின் ஸ்கூட்டர் காணாமல் போனது. விடியற்காலையில் கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டு மாடிக்குப் பால் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது ஸ்கூட்டர் இல்லை, கேன்களும் இல்லை. அந்த ஸ்கூட்டர்தான் அவருக்குக் கை கால் எல்லாம். அவர் நடுத்தெருவில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் வந்தார். மேலே பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நல்லதாப் போச்சு. ரெக்கார்டிங் எங்க?"

தெருவே இஸ்திரி அக்காவைப் பார்த்தது. அவள் தலைவரைப் பார்த்தாள். தலைவர் வானத்தைப் பார்த்தார். மழை வருமா என்று பார்க்கிறவர் மாதிரி.

"ரிப்பேருங்க" என்றாள்.

"எப்பலேருந்து?"

"ஞாபகம் இல்லீங்க."

"ரிப்பேரா?" என்றார் கோடி வீட்டு அம்மா. "போன வாரம்கூட நல்லா வேலை செஞ்சுதே!" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அதே நினைப்புதான். வேலை செய்தது அவர்களுக்குத் தெரியும். அழிக்கவும் முடியும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். கேட்டால் அக்கா அழித்துக் கொடுப்பாள். எனக்கு அழித்தவள் வேறு யாருக்கு அழிக்க மாட்டாள்? எப்படித் தெரியும் என்று மட்டும் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அதனால் எல்லாரும் ஒரே மாதிரி முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள்.

யாரோ பின்னால் இருந்து சொன்னார்கள், "நேத்து அவங்க தம்பி வந்திருந்தாரு."

அவ்வளவுதான். அன்றே தம்பியைப் பட்டறையில் இருந்து அழைத்துப் போனார்கள். அவள் கடையைச் சாத்திவிட்டுக் காவல் நிலையத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மதியம் தாண்டி அவனை வெளியே விட்டார்கள். தினமும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். சட்டைக் காலர் கசங்கியிருந்தது. அவள் கை தானாகப் போய் அதை நீவிவிட்டது.

"எங்கடா இருந்தே காலையில?" என்று கேட்டாள்.

அவன் நின்றான். "காலையிலேருந்து எல்லாரும் அதையேதான் கேக்குறாங்க. நீயும் கேக்காதே அக்கா."

"கேக்கல. சும்மாதான்..."

"சும்மாதான்னு சொல்லாதே. உன் கடைக்கு வர்றவங்க மாதிரியே இருக்கு."

பேருந்து வந்தது. அவளை ஏற்றிவிட்டு அவன் நடந்தே போனான்.

வீட்டுக்கு வந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. அவன் எடுத்திருக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்றால், தொட்டுப் பார்த்துத் தெரிந்த மாதிரி அல்ல. அவன் தன் தம்பி என்று தெரிவது போல. அப்படியானால் ஏன் சொல்ல மாட்டேன் என்றான்? சொல்ல முடியாத இடத்திலா இருந்தான்? செம்புக் கம்பி விஷயத்திலும் முதலில் இப்படித்தான் வாயைத் திறக்காமல் இருந்தான். ச்சே, இதையெல்லாம் ஏன் நினைக்கிறோம் என்று தன்னையே கடிந்துகொண்டாள். மறுநாள் கடையில் சட்டை ஒன்றைத் திருப்பிப் போடும்போது சட்டென்று ஒரு நினைப்பு வந்தது. படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டால் தீர்ந்தது. ஒரு நொடியில் தெரிந்துவிடும். அப்படியே குனிந்து மேஜைக்குக் கீழே வயரைக் கையில் எடுத்தாள். அதன் நுனி வெறுமனே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் குந்தியிருந்தாள் என்று தெரியவில்லை. சட்டை கருகும் வாசனை வந்த பிறகுதான் எழுந்தாள்.

அந்த வாரம் துணி வரத்து பாதியாகக் குறைந்தது. பால்காரர் நடந்து பால் ஊற்றினார். அவளைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தலைவரிடம் போனாள்.

"உண்மையைச் சொல்லிடலாங்க."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? நாளைக்கே சைக்கிள் போகும். அப்புறம், என் மானமும் போகும்."

"என் தம்பி தினமும் கையெழுத்துப் போடறான்."

"தப்பு பண்ணலைன்னா அவனுக்கு என்ன பயம்?" என்றார் தலைவர். மனுஷர் கெட்டவர் இல்லை. அவள் பிறகும் அதைச் சொல்லுவாள்.

அடுத்த நாள் காலை, பால்காரர் வரும் நேரமாகப் பார்த்து, ஸ்டூலைப் போட்டு ஏறிக் கூட்டைக் கழற்றினாள். இரண்டு ஆணி, ஒரு கொக்கி. நாலு பேர் கூடினார்கள், நாலு பத்தாயிற்று. கூட்டைத் திறந்து அவர்கள் முன்னால் நீட்டினாள். உள்ளே ஒரு பேட்டரியும் ஒரு சிறிய சிவப்பு விளக்கும் இருந்தன.

"பாருங்க. இவ்வளவுதான். இது எதையும் பார்க்கல. எப்பவுமே பார்க்கல."

பால்காரர் எட்டிப் பார்த்தார். "உள்ள இருந்ததை எடுத்துட்டீங்களா?" என்றார். கோபமாகக்கூட இல்லை. ஆற்றாமையாகக் கேட்டார்.

"உள்ள ஒண்ணுமே இருந்ததில்லைங்க!"

"அப்படின்னா நான் காத்து எறக்கினது..." என்று ஆரம்பித்த கோடி வீட்டு அம்மா நிறுத்திக்கொண்டு, குரலை மாற்றி, "அப்படின்னா எங்க வீட்டு விஷயம் எல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"நீங்கதான்மா வந்து சொன்னீங்க!"

"நானா? நான் ஏன் சொல்றேன்?"

எதிர் வீட்டுக்காரர் மெல்லத் திரும்பி, "எந்தக் காத்து?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்ல யாராலும் முடியாது. எல்லாரும் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் இஸ்திரி அக்காவை நம்பியதாகத் தெரியவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் கணக்காளர் நின்றிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் காரின் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.

மாலையில் அவர் கடைக்கு வந்தார்.

"நான்தான் வந்து சொன்னேன்னு எனக்குத் தெரியும் அக்கா. காலையில நீங்க பொய் சொல்லல. ஆனா அதை எல்லார் முன்னாடியும் சொல்லணும்னா என்ன சொன்னேன்னும் சொல்லணும் இல்லையா?"

"வேண்டாம் சார். அவசியம் இல்ல."

"தப்புதான்."

"தெரியல சார்" என்றாள் அவள். நிஜமாகவே தெரியவில்லை. அவர்மேல் கோபம் வர வேண்டும், வரவில்லை. பாவமாக இருந்தது. பாவமாக இருப்பதுதான் எரிச்சலாக இருந்தது. அவர் சட்டைகளை அன்று வழக்கத்தைவிட நன்றாகத் தேய்த்துக் கொடுத்தாள். அது ஏன் என்றும் அவளுக்குத் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து ஸ்கூட்டர் கிடைத்தது. வேறு ஊர்க்காரன் ஒருவன், ரயில் நிலையத்து வண்டி நிறுத்துமிடத்தில் ஏழெட்டு வண்டிகளை விட்டுவைத்து ஒவ்வொன்றாக விற்றிருக்கிறான். இந்தத் தெருவை அவன் தேர்ந்தெடுக்கவே இல்லையாம். நடந்து போகும்போது சாவியோடு நின்றதாம், எடுத்தானாம். கேமராவைப் பார்த்தாயா என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, "எந்த கேமரா?" என்றானாம்.

தெரு ஒன்றும் நடக்காத மாதிரி துணி மூட்டையோடு வந்தது. "நாங்க அப்பவே சொன்னோம், அக்கா தம்பி அப்படிச் செய்யற ஆள் இல்லைன்னு" என்று கோடி வீட்டு அம்மாவே சொன்னார். பால்காரர் மட்டும் அரை லிட்டர் பாலை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். தலைவர் நிஜ கேமரா ஒன்றை வாங்கித் தன் வீட்டு மாடியில் மாட்டினார். படம் அவர் வீட்டு டிவியில் தெரிகிறது. யாரும் அவரிடம் போய் எதையும் அழிக்கச் சொல்லவில்லை. பின் சந்து வழியாகச் சுற்றிப் போகிறார்கள், அவ்வளவுதான்.

தம்பி மட்டும் வரவில்லை. லீவு நாள்கள் வந்து வந்து போயின. ஒரு நாள் அவளே அவன் அறைக்குப் போனாள். பட்டறைக்கு மேலே தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. கதவைத் திறந்தவன் அவளைப் பார்த்ததும் நாற்காலியில் கிடந்த துணியை அள்ளி இடம் செய்தான். அவள் தேநீர் குடித்தாள். கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு சத்தம் போட்டது.

"கேட்கணும்னு வந்தியா?" என்றான்.

"இல்ல."

"கேளேன். இப்பச் சொல்றேன்."

கேட்டால் சந்தேகம் என்று ஆகுமா? கேட்காமல் போனால் அக்கறை இல்லை என்று ஆகுமா? பார்த்துக்கொள்வது என்றால் எதுவரை? அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "சரி. எங்க இருந்தே?"

"தூங்கிட்டு இருந்தேன்."

"என்னது?"

"இங்கதான். இந்தக் கட்டில்ல. தூங்கிட்டு இருந்தேன். இன்ஸ்பெக்டர்கிட்டயும் அதைத்தான் சொன்னேன், சிரிச்சாரு. யாரு பார்த்தாங்கன்னு கேட்டாரு. நான் தூங்கினதை யாரு அக்கா பார்ப்பாங்க? எல்லாரும் தூங்கற நேரம். உன்கிட்ட சொன்னா நீயும் நம்பாத மாதிரி ஒரு தரம் பார்ப்பியோன்னு பயமா இருந்துச்சு. அதான் சொல்லல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. அவனும் சிரித்தான். திருடன் பிடிபட்டாயிற்று, கையெழுத்து நின்றாயிற்று, எல்லாம் முடிந்தாயிற்று. அப்போதும், அந்தச் சிரிப்புக்கு நடுவில், அவள் பார்வை ஒரு கணம் கட்டிலுக்குப் போய்த் திரும்பியது. படுத்த அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. அவன் அதைக் கவனித்தானா என்று தெரியவில்லை. கவனித்தும் கவனிக்காதது போல இருந்தானோ, அதுவும் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை வர்றியா?" என்று படி இறங்கும்போது கேட்டாள்.

"பார்க்கலாம்" என்றான்.

அவள் பேருந்தில் ஏறி உட்கார்ந்து, வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். வருவேன் என்று சொன்னானா, மாட்டேன் என்று சொன்னானா என்பது கடைசிவரை பிடிபடவில்லை.